ஏழாம் தாளின் வெள்ளைப் பட்டை

தை மாதத்து மூன்றாம் கிழமை, செவ்வாய்க்கிழமை காலை, கொழும்பிலிருந்து நிரோஷா ஒரு செய்தி அனுப்பியிருந்தார். நான் ஓய்வுபெற்ற திட்டமிடல் அலுவலகத்தில் என் மேசையில் இப்போது இருப்பவர் அவர்தான். செய்தி நான்கே வரி.

"சேர், நெடுந்தீவுப் பழைய கோப்பை வேறொரு நிறுவனம் எடுத்திருக்கிறது. ஏழாம் தாளில் கிழக்குப் பக்கம் நாற்பதடி அகலத்தில் ஒரு வெள்ளைப் பட்டை விடப்பட்டிருக்கிறது. காரணம் எழுதப்படவில்லை. எடுத்துவிடலாமா?"

நான் புளியங்கூடலில் என் வீட்டுக் குசினியில் நின்று அதை வாசித்தேன். ஊற்றிய தேத்தண்ணீர் குடிக்காமலே ஆறியது. வாசற்படலை வரை போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். மூன்று தடவை பதில் எழுதி மூன்று தடவையும் அழித்தேன். "எடுக்க வேண்டாம்" என்று எழுதுவது சுலபம். அடுத்த கேள்வி "ஏன்" என்றுதான் வரும். அதற்கு நான்கு வரியில் பதில் கிடையாது.

அன்றிலிருந்து ஒரு கதிரையில் அரை மணித்தியாலம் சேர்ந்தாற்போல் நான் இருந்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இருபது வயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் அச்சுத்தாள்களை ஒப்புநோக்கினேன், பிறகு தீவுப்பகுதி நிருபராக இருந்தேன். செய்தியாசிரியர் எனக்குச் சொல்லித்தந்தது ஒரேயொரு விதி: கண்டதை எழுது, காணாததை எழுதாதே. இரண்டு வருடத்தில் அந்த வேலை போயிற்று. படம்வரைஞர் பயிற்சி, இடப்பெயர்வு, கொழும்பில் ஒரு அறை, அந்த அறையிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு திட்டமிடல் அலுவலகம். அங்கே படம்வரைஞராக நுழைந்தவன் மூத்த திட்டமிடலாளராக வெளியே வந்தேன். இடையில் முப்பது வருடம்.

எங்கள் அலுவலகம் பெரிய உல்லாச விடுதிகளுக்கும் ஆயுர்வேத சிகிச்சை விடுதிகளுக்கும் பெருந்திட்டம் போடும் அலுவலகம். பெருந்திட்டம் என்றால் கட்டடம் வரைவதல்ல. நூறு, இருநூறு ஏக்கர் காணியில் எங்கே கட்டடம் வரலாம், எங்கே வரக்கூடாது, தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும், வேலையாட்கள் எந்த வழியால் வருவார்கள், விருந்தாளி எந்த வழியால் நடப்பார், எந்த மரம் நிற்கும் என்பதையெல்லாம் ஒரு செங்கல் வைக்கமுன்னர் தாளில் தீர்த்துவைப்பது. தாள்கள் வழக்கமாகப் பன்னிரண்டு. முதல் தாள் எல்லை. இரண்டாம் தாள் நிலத்தில் இப்போது இருப்பவை. ஏழாம் தாள் வரப்போகும் கட்டடங்களும் வழிகளும். கடைசித் தாளில்தான் விருந்தாளி காலையில் கண் விழித்ததும் என்ன பார்ப்பார் என்பது வரும். பணம் போடுபவர்கள் எப்போதும் கடைசித் தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் திரு. வீரக்கோன். உயரமானவர், மெலிந்தவர், வெயிலென்றாலும் மழையென்றாலும் கையில் ஒரு கறுப்புக் குடை. புதிய காணிக்கு முதல் நாள் போகும்போது வரைபடம் கொண்டுபோக விடமாட்டார். "தாளைக் கொண்டுபோனால் தாளைத்தான் பார்ப்பாய்" என்பார். அவர் பேசியது ஆங்கிலம், தமிழில் தருகிறேன். காணியில் நிற்கும்போது உட்காரவே மாட்டார். மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலையும் நின்றுகொண்டேதான் அவிழ்ப்பார். யாரையும் பிழை என்று சொன்னதில்லை. பிழை கண்டால் பென்சிலைத் தாளின்மேல் வைத்துவிட்டு யன்னலைப் பார்ப்பார். அந்தப் பென்சில் கீழே வைக்கப்படும் சத்தத்துக்கு அலுவலகம் முழுக்கப் பயந்தது.

ஒருமுறை, தெற்கில் ஒரு தென்னங்காணி. சிகிச்சை அறைகளைக் கடற்கரையோரம் போட்டு, குசினியை அதற்குப் பின்னால் இருநூற்று நாற்பதடி தள்ளி வைத்திருந்தேன். தாளில் அழகாகத்தான் இருந்தது. வீரக்கோன் தாளைச் சுருட்டினார். மறுநாள் காணிக்கு அழைத்துப் போனார். குசினி வரவிருந்த இடத்தில் ஒருவரை நிறுத்தி, காலையிலிருந்து பின்னேரம் வரை தேங்காய்ப் பொச்சுமட்டை எரிக்கச் சொன்னார். என்னைச் சிகிச்சை அறை வரவிருந்த இடத்தில் ஒரு கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்தார். அது வாடைக்காலம். பத்து மணி வரை காற்று அசையவில்லை. பதினொன்றுக்கு வாடைக்காற்று நிலப்பக்கமிருந்து புகையைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு நான் இருமிக்கொண்டே படுத்திருந்தேன். ஐந்து மணிக்கு வந்து, "நோயாளிக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். அவ்வளவுதான். குசினியை மாற்றினேன்.

அவருடைய இன்னொரு பழக்கம் என் வாழ்க்கையோடு ஒட்டிக்கொண்டது. வரைந்து முடித்த தாளில் நிறம் பூசாத, ஒன்றும் எழுதாத இடங்கள் எப்போதும் இருக்கும். பென்சில் நுனியால் அதைத் தொட்டு, "இது யாருடைய வெள்ளை?" என்று கேட்பார். ஒன்றும் இல்லை சேர், வெறுங்காணி என்று சொன்னால் போதாது. யார் பார்த்தது, எப்போது பார்த்தது, யாரைக் கேட்டது என்று வரும். வெறுங்காணி என்று ஒன்று இருப்பதாக அவர் நம்பவில்லை.

இந்தப் பழக்கம் தெரிந்தும் நான் செய்த பிழையைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

சண்டை முடிந்து சில வருடங்களில் எங்கள் அலுவலகத்துக்கு நெடுந்தீவிலிருந்து ஒரு வேலை வந்தது. கொழும்பு நிறுவனம் ஒன்று வெளிநாட்டில் இருப்பவர்களின் காணிகளை அவர்கள் அதிகாரம் கொடுத்திருந்த அற்றோணிகள் மூலம் வாங்கிச் சேர்த்திருந்தது. தெற்குக் கரையோரமாக நூற்றிருபது ஏக்கர். ஐம்பது அறை, எண்ணெய்ச் சிகிச்சைக் கூடம், நடுவில் தாமரைத் தடாகம், தீவில் திரியும் காட்டுக் குதிரைகளைப் பார்க்க ஒரு மேடை. வீரக்கோனுக்கு அப்போது முழங்கால் வருத்தம், படகேறுவது கடினம். "நீ தீவான். நீ போ" என்றார். என் புளியங்கூடலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றில்தான் இருக்கிறது. எனக்கு அது பெருமையாக இருந்தது.

தை மாதம் போனேன். குறிகாட்டுவானில் படகேறி ஒரு மணித்தியாலம், இறங்கி லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் முக்கால் மணித்தியாலம். இரண்டு நில அளவையாளர்களோடு நான்கு நாள் வேலை. நாங்கள் யாழ்ப்பாணத்தில் தங்கியிருந்ததால் தினமும் இரண்டரை மணிப் படகைப் பிடிக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் அடுத்த நாள்தான். காணியில் உண்மையாக நின்றது ஒரு நாளைக்கு மூன்றரை மணித்தியாலம்.

மாரி முடிந்த கையோடு நெடுந்தீவு பச்சையாக இருக்கும். கல்வேலிகளுக்கு இடையில் புல் முழங்கால் வரை நின்றது. காணியின் கிழக்கில் ஒரு தாழ்ந்த மணல் நிலம், மிச்சத்தைவிட நல்ல பச்சை. அங்கங்கே பவளக்கற்கள் குத்தாக நின்றன. அவற்றை எண்ணிக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்: "கிழக்குத் தாழ்நிலம். சிதறிய கற்கள் 13. அகற்றலாம்." மூன்றாம் நாள் தூரத்தில் ஒருவர் மாடுகளோடு நின்றார். போய்க் கேட்கலாம் என்று இருபது அடி நடந்தேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்றரை. திரும்பிவிட்டேன்.

அந்தத் தாழ்நிலத்தில் தாமரைத் தடாகத்தை வைத்தேன். நல்ல பச்சை என்றால் கீழே நல்ல தண்ணீர் என்று கணக்குப் போட்டு, தடாகத்துக்குப் பக்கத்தில் இரண்டு குழாய்க்கிணறுகளையும் வைத்தேன். அறிக்கையின் நாலாம் பக்கத்தில் ஒரு வரி எழுதினேன்: "காணிக்குள் பயன்பாட்டில் உள்ள நன்னீர் நிலை எதுவும் இல்லை." கீழே ஒப்பமிட்டேன். அறிக்கை அனுமதிக்காக உரிய இடங்களுக்குப் போயிற்று.

வீரக்கோன் தாளைப் பார்த்தார். தடாகத்தைச் சுற்றியிருந்த வெற்றிடத்தைத் தொட்டார். "இது யாருடைய வெள்ளை?"

"நான் நடந்து பார்த்தேன் சேர். நாலு நாள்."

தீவான் சொன்னதால் அதற்குமேல் கேட்கவில்லை.

சித்திரைக் கடைசியில் காணியைப் பார்க்க நிறுவனத்தின் பணிப்பாளர் வந்தார். வீரக்கோனும் முழங்காலுக்குப் பட்டி கட்டிக்கொண்டு கூட வந்தார். தீவு நிறம் மாறியிருந்தது. புல்லெல்லாம் தவிட்டு நிறம், கல்லில் கால் வைக்க முடியாத சூடு. லான்ட்மாஸ்ரர் கிழக்குத் தாழ்நிலத்தருகே திரும்பியபோது ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். ஆட்கள் குறுக்கே போய்க்கொண்டிருந்தார்கள்.

என் தாமரைத் தடாகத்தில் இருபது இருபத்தைந்து பெண்கள் நின்றார்கள். குடங்கள், வாளிகள், கயிறுகள். ஒவ்வொரு கல்லுக்கு அடியிலும் இடுப்பளவு ஆழத்தில் ஒரு மணற்குழி, அதன் அடியில் தெளிந்த தண்ணீர். பக்கத்தில் கல்லில் குடைந்த தொட்டி, தொட்டியில் மாடுகள் வாய் வைத்துக்கொண்டிருந்தன. பதின்மூன்று கல், பதின்மூன்று குழி.

பூவல். எனக்குத் தெரியாத சொல் அல்ல. தீவில் பிறந்த எவருக்கும் தெரியும். கடலுக்கு நடுவே இருக்கிற மணல்நிலத்தில், கீழே உப்புத் தண்ணீரின் மேல் மழைத்தண்ணீர் மெல்லிய படையாக மிதக்கிறது. ஆழத் தோண்டினால் உப்பு. கை பதமாகக் கிள்ளினால் நல்ல தண்ணீர். மாரியில் வீட்டுக் கிணறே குடிக்கலாம் என்பதால் பூவல் தேவையில்லை. வெள்ளம் உள்ளே போய்க் கெடுக்காமல் பனையோலை பரப்பி, மணலால் மூடி, தலைமாட்டில் ஒரு கல்லை நட்டுவிடுவார்கள். பங்குனியில் வீட்டுக் கிணறுகள் உவர்க்கத் தொடங்கும்போது மறுபடி திறப்பார்கள். எங்கள் ஊரில் கட்டுக்கிணறு. கிணறு என்றால் சுவரைத் தேடப் பழகிய கண் எனக்கு. நான் தையில் வந்து, மூடியை எண்ணி, அகற்றலாம் என்று எழுதியிருந்தேன்.

முதலாவது பூவலில் நின்ற பெண்ணிடம் போனேன். ஐம்பது தாண்டிய வயது. மரியம்மா என்று பெயர், ஊரில் எல்லோருக்கும் மரியக்கா. பதினொரு மாடுகளுக்குச் சொந்தக்காரி.

"அக்கா, இது எப்ப தோண்டினது?"

"ஆர் கண்டது. என்ரை மாமி கலியாணம் கட்டி வரேக்கையும் இருந்ததாம். ஏன் கேக்கிறீர்?"

"நான் தையிலை வந்தனான். அப்ப ஒண்டும் இருக்கேல்லை."

வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "தையிலை வந்து பூவல் தேடினீரோ? எந்த ஊர் நீர்?"

"புளியங்கூடல்."

"ஊர்காவற்றுறைப் பக்கத்துப் புளியங்கூடலோ?"

"ஓம்."

மற்றப் பெண்களின் பக்கம் திரும்பினார். "பிள்ளையள், இவர் தீவானாம். தையிலை வந்து பூவல் தேடினவராம்." அவர்கள் சிரித்து முடியும் வரை காத்திருந்து எனக்குச் சொன்னார்: "ஆரும் கேட்டால் கொழும்பான் எண்டு சொல்லும் தம்பி. நாங்கள் மன்னிச்சு விடுவம்."

பணிப்பாளர் வெள்ளைச் சப்பாத்தோடு மணலில் நின்றார். விஷயத்தை விளங்கப்படுத்தினேன். கெட்ட மனுஷன் அல்ல. உடனே ஒரு வழி சொன்னார்: கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம் எப்படியும் வாங்கப்போகிறோம், இவர்களுடைய படலை வரை குழாய் போட்டுத் தருகிறோம். அதைத் தமிழில் மரியக்காவுக்குச் சொன்னேன்.

"குழாய் நல்லதுதானே" என்றார் மரியக்கா. "மாட்டுக்கும் விடுவினமோ?"

கேட்டுச் சொன்னேன். விடலாமாம்.

"உந்த மெசின் பழுதானால் ஆர் வந்து பாக்கிறது?"

"கொழும்பிலையிருந்து ஆள் வரும்."

"கடல் அடிச்சுப் படகு ஓடாத நாளிலையும் வருமோ?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. வீரக்கோன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்த அம்மா கடைசியாகச் சொன்னதையும் சொல்" என்றார். சொன்னேன். பணிப்பாளர் சப்பாத்தைப் பார்த்தார்.

என் குழாய்க்கிணறுகள் இரண்டும் அந்த இடத்தில் ஓடத் தொடங்கினால், மேலே மிதக்கும் நல்ல தண்ணீர் முதலில் போகும், கீழே இருக்கும் உப்பு ஏறிவரும். பதின்மூன்று பூவலும் ஒன்றிரண்டு கோடையில் உவர்த்துவிடும். உவர்த்த பூவலை மறுபடி இனிக்கச் செய்ய யாராலும் ஏலாது. தாளில் நான் போட்ட இரண்டு சிறிய நீல வட்டங்களின் அர்த்தம் அதுதான்.

இந்தமுறை தீவிலேயே தங்கினோம். அன்று பின்னேரம் தங்கிய இடத்தில் மேசை போட்டுப் பேச்சு நடந்தது. தடாகம் போனது. குழாய்க்கிணறுகள் போயின. ஆனால் பூவல்களுக்கு வழி விடுவதில் இழுபறி. பணிப்பாளர் பதினைந்தடி என்றார். வீரக்கோன் அறுபது என்றார். விடியும் வரை தீரவில்லை.

காலையில் வீரக்கோனைக் காணவில்லை. தேடிப் போனால், தாழ்நிலத்தருகே குடையை விரித்துப் பிடித்தபடி, பட்டி கட்டிய காலை அகட்டி வைத்துக்கொண்டு நின்றார். மரியக்கா தன் மாடுகளைச் சாய்த்துக்கொண்டு வந்தார், தண்ணீர் காட்டினார், திரும்பிப் போனார். வேறு இரண்டு பட்டி மாடுகளும் வந்து போயின. ஒன்றரை மணித்தியாலம் வீரக்கோன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. இடையில் ஒருமுறை குடையை மடக்கி அதனால் மணலில் எதையோ அளந்தார். பிறகு என்னைப் பார்த்து, "நாற்பது" என்றார். அறுபதுக்கும் பதினைந்துக்கும் நடுவில் எங்கேயோ குத்துமதிப்பாக நின்றுவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

நாற்பதடிக்குப் பணிப்பாளர் ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை போட்டார்: தாளில் அதற்குப் பெயர் எழுதக்கூடாது. குடிநீர் வழி என்று எழுதினால் நாளைக்கு அது உரிமையாகிவிடும், பணம் போட வருகிறவர்கள் பயப்படுவார்கள். வெள்ளையாக விடுங்கள், நாங்கள் தொடமாட்டோம் என்றார். பிறகு, அறிக்கை ஏற்கனவே போய்விட்டது, நாலாம் பக்கத்து வரியைத் திருத்தினால் எல்லா இடத்திலும் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டிவரும் என்றும் சொன்னார்.

வீரக்கோன் என் பக்கம் திரும்பினார். "உன்னுடைய வரி. நீ சொல்."

எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பத்திரிகையில் பிழை போனால் மறுநாள் இரண்டாம் பக்கத்தில் திருத்தம் போடுவோம். பிழையானது இது, சரியானது இது, அவ்வளவுதான். அதை நானே எத்தனையோ தடவை ஒப்புநோக்கியிருக்கிறேன். ஆனால் அந்த மேசையில், என் ஒப்பத்துக்குக் கீழே, அது பிழை என்று சொல்லும் என் இன்னொரு ஒப்பம் வரப்போவதைத்தான் நினைத்தேன். தீவானை அனுப்பி அவன் தீவையே பார்க்கவில்லை என்று அலுவலகத்தில் கதை போகும்.

"தாளிலே பட்டை இருக்கிறதுதானே சேர். அது போதும்" என்றேன்.

வீரக்கோன் பென்சிலைத் தாளின்மேல் வைத்தார். யன்னலைப் பார்த்தார்.

ஏழாம் தாளை நான்தான் மறுபடி வரைந்தேன். வீதியிலிருந்து கிழக்கே ஒரு வெள்ளைப் பட்டை, நாற்பதடி, முடிவில் பதின்மூன்று கல்லையும் சுற்றி ஒரு வெள்ளை வட்டம். எழுத்து இல்லை. அந்த நிறுவனம் அதன் சொந்தக் காரணங்களுக்காக ஒரு வருடத்தில் வேலையைக் கைவிட்டது. கோப்பு அலுமாரிக்குள் போனது. வீரக்கோன் ஓய்வுபெற்றார், பிறகு இறந்தார். நான் மலைநாட்டிலும் கிழக்குக் கரையிலும் இன்னும் ஆறு பெருந்திட்டங்கள் போட்டேன். எல்லாவற்றிலும் நாலாம் பக்கம் வரும்போது பேனையை வைத்துவிட்டு ஒருமுறை வெளியே போய் நடப்பேன். காரணம் தெரியாமல் இளையவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

இதுதான் நிரோஷாவின் செய்திக்குப் பின்னால் இருந்த கதை. மூன்றாம் நாள் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பட்டையை எடுக்க வேண்டாம், பிள்ளை. அது பூவலுக்குப் போற வழி. குடிதண்ணி."

கொஞ்ச நேரம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "சேர், அறிக்கையிலை நாலாம் பக்கம், காணிக்குள்ளை நன்னீர் நிலை இல்லை எண்டு இருக்கு. கீழை உங்கடை கையெழுத்து. ரெண்டாம் தாளிலை அதே இடத்திலை பதின்மூண்டு கல், அகற்றலாம் எண்டு இருக்கு. அதுவும் உங்கடை எழுத்து. இப்ப நீங்கள் தண்ணி எண்டு சொல்லுறீங்கள். நான் எதை எடுக்கிறது?"

"நான் இப்ப சொல்லுறதை."

"வாய்ச்சொல்லைக் கோப்பிலை போட ஏலாது, சேர். குறை நினைக்காதேங்கோ. போன கிழமை ட்ரோன் விட்டுப் படம் எடுத்தனாங்கள். அதிலையும் பதின்மூண்டு கல்தான் இருக்கு. தண்ணி இல்லை. மாசிக் கடைசியிலை தாளை முடிச்சு மூடச் சொல்லியிருக்கினம்."

அவர் சொன்னதில் ஒரு சொல் பிழை இல்லை. அவரும் தையில்தான் பார்த்திருந்தார். என் கையெழுத்தைப் பார்த்துத்தான் வேறொன்றையும் தேடவில்லை.

அடுத்த நாள் படகேறினேன். ஒரு பூவலைத் திறக்க வைத்துப் படம் எடுத்து அனுப்பிவிட்டால் போதும், என் கையெழுத்தைப் பற்றி ஒன்றும் எழுதாமலே காரியம் முடியும். எனக்குள் அந்த எண்ணம் இருந்தது, மறைக்கவில்லை.

மரியக்கா இப்போது எழுபதை எட்டியிருக்கிறார். மாடு ஏழு. என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்தார்.

"தையிலை பூவல் தேடின தம்பியல்லோ. இந்த முறையும் தையிலைதான் வந்திருக்கிறீர்."

விஷயத்தைச் சொன்னேன். ஒரு பூவலைத் திறந்து காட்டும்படி கேட்டேன்.

"ஏலாது."

"ஒண்டே ஒண்டுதான் அக்கா. படம் எடுத்தவுடனை மூடிவிடலாம்."

"இண்டைக்குத் திறந்தால் நாளைக்கு ஒரு மழை பெய்யும். மாட்டுச் சாணமும் உவர் மண்ணும் உள்ளை போகும். வாற கோடை முழுக்க அந்தப் பூவல் கெட்டு மணக்கும். உம்மடை படத்துக்காக நாலு வீடு அந்தத் தண்ணியைக் குடிக்கோணுமோ?"

தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தேன். அவர் தொடர்ந்தார்: "உவையள் படத்தைத்தான் நம்புவினமோ? நீர் எழுதிக் குடுத்தால் நம்பமாட்டினமோ?"

"முந்தி நான் வேறை மாதிரி எழுதிக் குடுத்திட்டன்."

"என்னெண்டு?"

"இஞ்சை தண்ணி இல்லையெண்டு."

அன்று சித்திரையில் அவர் செய்த கேலி இப்போது வரவில்லை. மாட்டின் கயிற்றைக் கம்பில் சுற்றிக் கட்டினார். "அதுக்குப் பிறகு எத்தினை கோடை போயிட்டுது" என்றார். "அப்ப மாத்தி எழுதும். வாரும், காட்டுறன்."

கல் கல்லாக நடந்தோம். ஒவ்வொன்றும் எந்தெந்த வீடுகளுக்கு, எது முதலில் வற்றும், எதன் தண்ணீரில் பருப்பு அவியும், எதில் அவியாது என்று சொல்லிக்கொண்டு போனார். நான் எழுதினேன், தொலைபேசியில் இடத்தைக் குறித்தேன். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையில் அவர் நின்று மூச்சு வாங்குவார், நானும் வாங்குவேன். எட்டாவது கல்லில் நிற்கும்போது மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்றரை.

"படகுக்கு நேரமாச்சோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"அண்டைக்கும் உந்த நேரத்திலைதானே திரும்பினீர். என்ரை மனுசன் மாட்டோடை நிண்டவர். ஒருத்தர் எங்களைப் பாத்து வந்திட்டுப் பாதியிலை திரும்பிப் போறார் எண்டு வந்து சொன்னவர்."

குறிப்புப் புத்தகத்தைத் திருப்பி அடுத்த பக்கத்தை எடுத்தேன். "ஒன்பதாவது எங்கை அக்கா?"

அன்று பங்குத் தந்தையின் வீட்டு விறாந்தையில் தங்கினேன். மறுநாள் வீடு வந்து கடிதம் எழுதினேன். பத்திரிகையில் போடுகிற மாதிரியே எழுதினேன்.

"திருத்தம். அறிக்கையின் நாலாம் பக்கத்தில் 'காணிக்குள் பயன்பாட்டில் உள்ள நன்னீர் நிலை எதுவும் இல்லை' என்று நான் ஒப்பமிட்டது பிழை. கிழக்குத் தாழ்நிலத்தில் பதின்மூன்று பூவல்கள் உள்ளன. பங்குனி முதல் மாரி தொடங்கும் வரை பயன்பாட்டில் இருப்பவை. நான் தை மாதத்தில் பார்த்தேன். யாரையும் கேட்கவில்லை. சித்திரையில் உண்மை தெரிந்தபின்னும் திருத்தவில்லை." கீழே பதின்மூன்று இடங்கள், வீடுகளின் பெயர்கள். ஒப்பமிட்டேன். இந்த முறை நடக்கப் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து நிரோஷா எடுத்தார்.

"கிடைச்சது சேர். கோப்பிலை சேர்த்திட்டன். அறிக்கையை மீளப் பாக்கோணும் எண்டு எழுதியிருக்கிறன். பங்குனியிலை நானே வாறன், அதுக்கு முதல் தாளை மூடமாட்டன். ஆனால் ஒண்டு. நிறுவனக்காரர் கேக்கினம், தண்ணிக்குப் போற வழி எண்டால் இருபதடி போதாதோ எண்டு. ஏன் நாப்பது?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் நான் வரைந்த கோடு, அதன் அகலம் ஏன் அவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் இறந்துவிட்டார். குடையோடு ஒன்றரை மணித்தியாலம் நின்றவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

மரியக்காவின் மகளுடைய இலக்கத்துக்கு எடுத்தேன். மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தவரிடம் தொலைபேசியைக் கொடுத்தார்கள். கேள்வியைச் சொன்னேன்.

"அந்தக் குடைக்காரர் அண்டைக்குக் கண்டவர்" என்றார். "போற மாடு தண்ணி மணத்துக்கு ஓடும். வாற மாடு வயிறு நிரம்பி நிண்டு நிண்டு வரும். ரெண்டையும் இருபதடி ஒழுங்கைக்குள்ளை விட்டுப்போட்டுக் குடத்தோடை நடுவிலை நிண்டு பாக்கச் சொல்லும், உந்தக் கேள்வி கேட்டவையை."

அவர் சொன்னபடியே எழுதி, ஏழாம் தாளில் காரணம் எழுத வேண்டிய இடத்துக்கு என்று குறிப்பிட்டு நிரோஷாவுக்கு அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "சேர், இது பேச்சுத் தமிழிலை இருக்கு. தாளிலை இப்படிப் போடலாமோ?"

"போடும்" என்று எழுதினேன். "பெயரையும் போடும். மரியம்மா, நெடுந்தீவு."